அந்த டாக்டருக்கு மட்டும் ஒரு மாற்றம்

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் சார், பரவாயில்லை. உட்காருங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படங்களைத் திறந்து பார்க்கிற மென்பொருளைப் பதினோரு வருஷமாக நான்தான் கவனித்துக்கொள்கிறேன். யார், எந்தப் படத்தை, எத்தனை நேரம் பார்த்தார்கள் என்று அது குறித்துவைக்கும். என் மனைவியின் மார்பு ஸ்கேனை எங்கள் ஸ்கேன் டாக்டர் ஒன்பது விநாடி பார்த்திருக்கிறார். ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. இன்னொருவரிடம் காட்டலாம் என்றேன். "அவரே ஒண்ணுமில்லன்னுட்டாரு, நீங்க ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று சிரித்தாள். எட்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். புற்றுநோய்ப் புள்ளி அந்த முதல் படத்திலேயே இருந்தது, கடுகளவு.

நான் சண்டைக்குப் போகவில்லை. சத்தம் போடுவது என் சுபாவமில்லை.

போன வருஷம் புது ஸ்கேன் மெஷின் வந்தது. அதன் படங்கள் புது வகைக் கோப்புகள். எங்கள் பழைய மென்பொருளில் திறந்தால் வெறும் கறுப்புக் கட்டம்தான். அந்த டாக்டரே என் அறைக்கு வந்தார். "இந்தப் புதுப் படம் எதுவும் தெறக்க மாட்டேங்குது தம்பி, கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்க" என்றார். நான் யாருடைய புருஷன் என்பதே அவருக்கு நினைவில்லை.

இரண்டு வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். சுத்தமான வேலை. அந்தப் புது வகையில் ஒரு வசதி உண்டு. படம் சட்டென்று திறக்க வேண்டுமானால், பொடி விவரங்களை வழித்தெடுத்துவிட்டு லேசாக்கிக் காட்டலாம். போன் போட்டோவுக்கு நல்லது, ஸ்கேனுக்கு ஆகாது. மற்ற டாக்டர்களுக்கு முழுப் படம் திறக்கும். அவர் பெயரில் நுழைந்தால் மட்டும் வழித்த படம். நாலு பேர் விஷயத்தில் தவறினால் அவர் மானம் கப்பலேறும், அவ்வளவுதான் என் திட்டம்.

ஆனால் ஒரு மாதம் கழித்துக் குறிப்பைப் பார்த்தால், மனுஷன் திருந்திவிட்டிருக்கிறார். ஒவ்வொரு படத்தையும் பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம் பார்க்கிறார். என் மனைவி போனதிலிருந்துதான், தேதி பொருந்துகிறது. அன்றே மாற்றத்தை எடுத்திருக்கலாம். எடுக்கத்தான் உட்கார்ந்தேன். ஊரார் பெண்டாட்டிக்கெல்லாம் பன்னிரண்டு நிமிஷம், இவளுக்கு மட்டும் ஒன்பது விநாடியா என்று தோன்றியது. அப்படியே விட்டுவிட்டேன்.

அவர் பார்த்து முடித்தவற்றின் முழுப் படங்களை மட்டும் வேறிடத்துக்கு மாற்றிவிடுவேன், அழிக்கவில்லை. அடுத்தவர் பொருளை அழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் கொஞ்சம் பார்ப்பேன். என் மனைவியின் படத்தைப் பார்த்துப் பார்த்து அந்தப் புள்ளி என் கண்ணுக்குப் பழகிவிட்டது. பத்தொன்பது பெண்களுக்கு இருக்கிறது. பத்தொன்பது பேரையும் ஒன்றுமில்லை என்று அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அவர்கள் யார் யார் என்று கேட்கிறீர்கள். எல்லாம் மனப்பாடம்தான். டாக்டரைக் கூட்டி வாருங்கள். என் மனைவியின் படத்தை அவர் முன்னால் திறந்துவைக்கிறேன். ஆற அமரப் பார்க்கட்டும். அப்புறம் சொல்கிறேன். அதுவரை நீங்கள் பதற வேண்டியதில்லை. நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை சார். அந்தப் பத்தொன்பது பேரில் இதுவரை நான்கு பேர்தான் இறந்திருக்கிறார்கள்.