பட்டத்துக்கு ஒரு நிமிட மௌனம்

இரவு பத்தரை இருக்கும். ஊர் முடிந்து, கிடங்குகள் முடிந்து, அதற்கப்புறம் விளக்கே இல்லாத சாலை. இரண்டு பக்கமும் வெறும் பொட்டல். ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது... ஓட்டியவர் இந்த மைதானத்துக்கு மைக்செட் கட்டி, அறிவிப்பும் சொல்கிற மைக்காரர். இதோ, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே பெயிண்டர், அவனுடைய சித்தப்பா. நடந்தது உண்மையா என்று அவனையே கேளுங்கள். வாயைத் திறக்க மாட்டான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மழை இப்போதைக்கு விடாது, கேலரிக்கு அடியில் இருப்பது இந்த ஒரு பல்புதான். இவ்வளவு நேரம் நம் ஃபுட்பால் கிளப்பின் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசினீர்கள். 'கதவு' பின்னால் நின்றால் பந்து என்ன, எறும்புகூடப் போகாது என்றீர்கள். கோல்கீப்பர் 'ஒட்டடைக்குச்சி'யின் கை எவ்வளவு நீளம் என்று எழுந்து நின்று அளந்தே காட்டினீர்கள். எல்லாம் சரி. ஒருத்தர் பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை, கவனித்தீர்களா? எடுத்தால் பெயிண்டர் எழுந்து போய்விடுவான். இன்று மழை. எங்கே போவான்?

பட்டம்... இடது ஓரக் கோட்டிலேயே ஆடி ஆடிப் பறப்பார், அதனால் அந்தப் பெயர். அவர் காலில் பந்து வந்தால் கேலரியில் கடலை கொறிப்பவன்கூட வாயை அசைக்க மாட்டான். மைக்காரருக்கு அவர் மேல் உயிர். வேனின் முன்கண்ணாடியில் அவர் படம்தான் ஒட்டியிருக்கும்.

அன்று காலை, மேட்ச் நாள். சலூனில் யாரோ ஒருவர் பட்டம் போய்விட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னார். யார் சொன்னது, எப்போது, எங்கே... ஒருவரும் கேட்கவில்லை. நமக்கு அழ ஒரு காரணம் கிடைத்தால் போதாதா? மதியத்துக்குள் ஊரே மூக்கைச் சிந்தியது. அவர் அடித்த கோலை வலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன் என்று ஒருவன். அவர் வியர்வை என் மேல் தெறித்தது என்று இன்னொருவன். அந்த மனிதர் பக்கத்து ஊரில்தான் மகள் வீட்டில் இருந்தார். பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் முழுதாக வராது, அவ்வளவு கிட்டே. இத்தனை வருஷத்தில் போய்ப் பார்த்தவன் ஒருத்தன் இல்லை. மைக்காரரும் போனதில்லை.

சாயங்காலம். இரண்டு அணியும் கையில் கறுப்புத் துணி கட்டி நடுக்கோட்டில் வரிசையாக நின்றாயிற்று. கேலரி முழுக்க எழுந்து நிற்கிறது. மைக்காரர் மைக்கைக் கையில் எடுக்கிறார்... சட்டைப் பையில் போன் அடிக்கிறது. எடுத்தார். ஒரு பெண் குரல்.

"மைக்செட்காரருங்களா? நான் பட்டத்தோட பொண்ணு பேசறேன். கிளப்ல கேட்டு நம்பர் வாங்கினேன். எங்கப்பா போயிட்டாருன்னு என்னென்னவோ சொல்றாங்க. அவரு இங்கதான் காய்ச்சல்ல படுத்திருக்காரு. தயவுசெஞ்சு மைக்ல எதுவும் சொல்லிடாதீங்கண்ணே."

சரிம்மா என்று சொல்லி வைத்தார். அப்படியே கேலரியை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை ஜனமும் தலையைக் குனிந்து நிற்கிறது. பட்டத்தோடு ஆடிய கதவு, வயசான மனுஷன், முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். இவர்களிடம் எப்படிச் சொல்வது, விசாரிக்காமல் ஆளைக் கொன்றுவிட்டோம், எல்லாரும் உட்காருங்கள் என்று? சிரித்தே சாகடிப்பார்களே. முகம் சுட்டது. மேட்ச் முடியட்டும், நேரே போய்க் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தார்.

மைக்கில் சொல்லிவிட்டார்.

ஒரு நிமிடம்... இந்த மைதானத்தில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை. முடிந்ததும் நாலு பேர் வந்து கையைப் பிடித்து, உங்கள் குரலில் கேட்டதும் நெஞ்சு அடைத்துவிட்டது என்றார்கள். அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பிற்பாடு மனைவியிடம் சொல்லும்போது அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்: குளிர்ந்துச்சுடி, எனக்கு அந்த நேரத்துல சந்தோஷமா இருந்துச்சுடி, நான் மனுஷனா?

அதனால்தான் அந்த ராத்திரி, அந்தச் சாலை. மன்னிப்புக் கேட்கப் போகிறார்.

முதலில் வந்தது வாசனை. தசைப்பிடிப்புக்குத் தேய்க்கிற தைலமும், வெட்டிய ஈரப் புல்லும். ஜன்னலை இறக்கினார். அப்புறம் சத்தம்... டக்... டக்... டக்... தார் ரோட்டில் ஆணி வைத்த பூட்ஸ் போட்டு நடந்தால் வருமே, அதேதான். வேன் வெளிச்சத்தில் சாலையின் இடது ஓரமாக ஒரு வயசானவர் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டை விட்டு ஒரு அடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லை.

பட்டம்! மைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேனை நிறுத்தி ஓடினார். எல்லாவற்றையும் கொட்டினார். போன் வந்தது, தெரிந்தே சொன்னது, ஒன்றையும் மறைக்கவில்லை. அன்றைக்கு அவர் உண்மை பேசியது அந்த ஒரு இடத்தில்தான். பெரியவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்களா?"

நின்றார்கள் என்றார்.

"கதவு அழுதானா?"

அழுதார் என்றார். பெரியவர் தலையாட்டினார். மூச்சு வாங்கவில்லை, அவ்வளவு தூரம் நடந்தும். வண்டியில் ஏறுங்கள், வீட்டில் விடுகிறேன் என்று வேன் கதவைத் திறந்தால் ஏறவில்லை.

"நான் உயிரோட இருக்கேன்னு ஒரு தடவ மைக்ல சொல்லிடுப்பா. நீ சொன்னப்புறம் வீட்டுக்குப் போறேன்."

அடுத்த மேட்சில் சத்தியமாகச் சொல்கிறேன் என்றார் மைக்காரர். டக்... டக்... பெரியவர் இருட்டுக்குள் நடந்து போய்விட்டார். கிறுக்கு மனுஷன், காய்ச்சலோடு எங்கே போகிறார், மகளிடம் சொல்லிக் கூட்டி வரலாம் என்று மைக்காரர் வேனை விரட்டினார்.

வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. வாசலில் வாடகை நாற்காலிகள். உள்ளே கட்டிலில் பட்டம்... தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

மேட்ச் நேரத்திலேயே போய்விட்டாராம். அடுத்த வீட்டுக்காரர் ஆட்டத்தைப் போனில் நேரலையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பெரியவருக்குப் பொழுது போகட்டும் என்று. தன் பேரைக் கேட்டிருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தையும் கேட்டிருக்கிறார். "எனக்குத்தான் நிக்கிறாங்க போல" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான்.

மகள் சத்தம் போடவில்லை. அழுது ஓய்ந்த முகத்தோடு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சாயங்காலம் போன்ல பேசினது நீங்கதானேண்ணே?"

இங்கேதான் பாருங்கள்... ஆமாம்மா என்று ஒரு வார்த்தை. சொன்னால் என்ன, இரண்டு அறை விழுந்திருக்கும். வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

"இல்லம்மா. போன் வண்டியில கெடந்துச்சு. யாரு எடுத்தாங்கன்னு தெரியல."

செத்தவர் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னார். அவள் சரிண்ணே என்று விட்டுவிட்டாள். அது அவருக்கு அறையை விட அதிகமாக வலித்தது.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. செத்தவருக்குச் சத்தியம் செய்து கொடுத்தாயிற்று. சொல்லாமல் விட்டால் என்ன ஆகுமோ. மேட்ச் அன்று நிறைந்த கேலரியில் சொன்னால், ஏன்யா அப்படிச் சொன்னே என்று கேட்பார்கள். ஒன்றைச் சொன்னால் ஒன்பதையும் சொல்ல வேண்டிவரும். போன் எடுத்தது வரைக்கும் வரும். மானம் போகும். புத்தி எங்கே வேலை செய்தது தெரியுமா?

மைக் டெஸ்டில்.

அடுத்த மேட்சுக்குப் பெட்டிகளைக் கட்டி முடித்துவிட்டு, ஜனத்தை உள்ளே விடுவதற்கு முன்னால், ஆளே இல்லாத மைதானத்தில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டார். ஹலோ, மைக் டெஸ்ட், ஒன் டூ த்ரீ... அதோடு சேர்த்து, வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற மாதிரி, பட்டம் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, மறுபடியும் ஹலோ ஹலோ என்றார். மைதானத்துக்குத் தண்ணீர் அடிக்கிற ஆள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னதும் ஆயிற்று, மானமும் மிஞ்சியது. பல நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் தட்டு நிறையச் சாப்பிட்டார்.

நடுராத்திரி போன் அடித்தது. பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்கும் விழிப்பு வந்துவிட்டது. அவள் சொல்லித்தான் இந்தக் கதையே வெளியே வந்தது. தூக்கக் கலக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"அண்ணே... பட்டத்தோட பொண்ணு பேசறேன். அப்பா வாசல்ல நிக்கிறாரு."

அவள் குரல் அடங்கியிருந்தது. பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாது என்று பேசுகிற குரல்.

"நீங்க மைக்ல சொல்லிட்டீங்களாம். அதான் வந்துட்டேங்கிறாரு. உள்ள கூப்பிடவும் பயமா இருக்கு, போன்னு சொல்லவும் வாய் வரல... எங்கப்பாண்ணே. நீங்க ஒரு நிமிஷம் வந்து, அவரு போயிட்டாருன்னு நீங்களே சொல்லிடுங்க. மைக்காரன் நேர்ல சொன்னா கேட்டுக்கறேங்கிறாரு."

மனைவி எழுந்து விளக்கைப் போட்டாள். வேன் சாவி தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்தார். எடுக்கவில்லை. தொண்டையைக் கனைத்தார்.

"ராங் நம்பர்மா. நீங்க சொல்ற ஆள் இங்க இல்ல."

அந்தப் பக்கம் அவள் போனை வாயிலிருந்து விலக்கி, யாரிடமோ சொல்வது கேட்டது.

"அந்த ஆளு இல்லையாம்பா."

மூச்சு வாங்காத, நிதானமான ஒரு குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது.

"அவனேதான்மா. வீடு எங்கன்னு கேளு."