செத்த பல் டாக்டர் டீ குடிக்கிறார்

— நாலாவது அத்தியாயத்துலயே செத்துட்டாரு அக்கா. கழுத்துல கயிறு. போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு பொணத்தையும் வீட்டுல கொடுத்துட்டாங்க.

— சரி.

— பதினோராவதுல அதே பல் டாக்டர் கதவைத் தட்டிக்கிட்டு வர்றாரு. நம்ம துப்பறிவாளர் குடைக்காரருக்கு எதிர்ல உக்காந்து டீ குடிக்கிறாரு. சர்க்கரை கம்மின்னு வேற சொல்றாரு.

— ரெட்டைப் பிள்ளையா இருக்கும்.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். இருபது வருஷமா உங்க வீட்டுக்காரரோட குடைக்காரர் நாவலுக்கெல்லாம் பிழை திருத்துறவன், அவர் வேலை எனக்குத் தெரியாதா? அந்த ரெட்டைக்காகக் கடைசிப் பக்கம் வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன். வரவே இல்ல.

— வேற?

— தப்பா எடுத்துக்காதீங்க. சமையல்காரியை விசாரிக்கிற இடம் ரெண்டு தடவை வருது, ஒரு வார்த்தை மாறாம. அப்புறம், குடைக்காரர் தன் வீட்டுக்குத் திரும்பறப்போ தப்பான ஸ்டாப்புல எறங்கித் தெருத் தெருவா சுத்துறாரு. ஏதோ துப்பு சிக்கப்போகுதுன்னு நிமிர்ந்து உக்காந்தேன்.

— சிக்கலையா?

— வீடுதான் சிக்குது. அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விடுறாரு.

— ம்.

— அடுத்த வாரம் அச்சுக்குப் போகணும் அக்கா. நீங்க சரின்னா நானே பல் டாக்டரைத் தூக்கிட்டு அந்த டீயை வேற யாருக்காவது கொடுத்துடுறேன். அரை நாள் வேலை.

— வேணாம் தம்பி. எழுத்துப்பிழை மட்டும் பாருங்க போதும்.

— படிக்கிறவங்க சிரிப்பாங்களே!

— யாரும்மா அது, பேச்சுச் சத்தம் கேக்குது?

— சார், நான்தான் சார்!

— யாரு?

— அச்சகத்துலேருந்து வந்திருக்காருங்க. உங்க புது நாவலைப் படிச்சிருக்காரு.

— அடடே! கொலைகாரன் யாருன்னு கண்டுபிடிச்சீங்களா?

— இல்ல சார். கடைசி வரைக்கும் பிடிபடல.

— சபாஷ்! எனக்கே பிடிபடல, உங்களுக்கு எங்க பிடிபடும்? உக்காருங்க, உக்காருங்க. ஏம்மா, நான் எங்க கிளம்பினேன்?

— குளிக்க. தோள்ல துண்டு கிடக்கு பாருங்க.

— ஆமா, ஆமா. குளிக்க.

— அக்கா... எத்தனை நாளா இப்படி?

— நாலு வருஷமாச்சு. போன தையோட... இல்ல, அதுக்கு முன்னாடியே. வெளியில சொல்லிக்கல.

— நாலு வருஷமா? அதெப்படி? அதுக்குள்ள மூணு நாவல் வந்திருக்கே! சிவப்புப் பேனா மூடியைக் கூட நான் திறக்கலையே!

— அந்த மூணும் உங்களுக்குப் பிடிச்சுதா?

— என்ன அக்கா இப்படிக் கேக்குறீங்க? அச்சானப்புறம் வீட்டுல உக்காந்து மறுபடி படிச்சேன். முன்னாடியெல்லாம் குடைக்காரர் எடுத்ததுமே மிரட்டுவாரு. அந்த மூணுல பாருங்க, எதிராளியை உக்காரவெச்சு, தண்ணி கொடுத்துட்டுத்தான் கேள்வியே கேப்பாரு. கொலை பண்ணவன் அழுதா இவரும் பேசாம இருப்பாரு. தொடர்லயே அதுதான் உசத்தி. அதை எழுதுன கையா இதை எழுதுச்சுன்னு எனக்கு மனசே ஆறல.

— நிஜமா உசத்தியா?

— சத்தியமா.

— அது மூணும் நான் எழுதுனது தம்பி. இதுதான் அவர் எழுதுனது.