ஆகஸ்ட் ஒன்றாம் தேதிச் சீட்டு

2023 நவம்பர் 26 மாலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை மலைமேல் தீபம் ஏற்றப்பட்டது. மறுநாள் காலை தேரடி வீதியில் ஒரு பூஜைப் பொருள் கடையில், தமிழ்செல்வி என்ற விற்பனையாளர் பேரில் தொண்ணூறாயிரம் ரூபாய் அட்வான்ஸ் நிலுவை இருப்பதாகக் கணினி அச்சிட்டது.

எனக்குச் சுத்தம் பிடிக்கும். அதனால்தான் கணினிக் கணக்கியல் படித்தேன். வியாபாரத்தில் இறங்குகிறவனுக்கு முதல் வேண்டும், அதற்கு முன் கணக்கு தெரிய வேண்டும் என்றார்கள். காலையில் டேலி வகுப்பு, மதியத்திலிருந்து அந்தக் கடையில் கணக்கு எழுதும் வேலை. முதல், கணக்கு இரண்டையும் அந்தக் கடையிலேயே தேடிக்கொண்டேன்.

பௌர்ணமிதோறும் கடையில் நிற்க இடம் இருக்காது. பக்தர்கள் பதினான்கு கிலோமீட்டர் நடந்து புண்ணியம் சேர்ப்பார்கள். போகிற வழியில் எங்களிடம் கற்பூரம் வாங்குவார்கள். அந்த நெரிசலில் அட்வான்ஸ் கேட்கும் ஊழியர்கள் வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். தொகையைப் பிறகு நான் எழுதிக் கம்பியில் குத்துவேன். வருடத்துக்கு ஒரு முறை, தீபம் முடிந்ததும், எல்லாவற்றையும் நேர்செய்வது கடை வழக்கம்.

தமிழ்செல்வி அக்கா மாதம் ஐந்நூறு வாங்குவார். நான் ஏழாயிரத்து ஐந்நூறு என்று எழுதினேன். வித்தியாசத்தை எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு பௌர்ணமி.

முதலாளி சக்கரவர்த்தி அச்சுத்தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னாமா இது? பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏழாயிரத்தி ஐநூறா? சம்பளத்தவிட ஜாஸ்தியா போவும்போல கீதே."

"ஐநூறுதாங்க மொதலாளி வாங்கினேன். பிரசாத் தம்பியக் கேளுங்க."

கேட்டார். "சீட்டுல இருக்கறது அக்கா கையெழுத்துதாங்க" என்றேன். அது பொய்யில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாளி இரக்கமுள்ளவர். போலீசுக்குப் போகவில்லை. பாதிச் சம்பளத்தில் வேலை செய்து கழிக்கச் சொன்னார். அக்கா கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கழித்தார். அடுத்த வருடம் அவர் மகள் தேவிப்ரியாவுக்கு நர்சிங் சீட் கிடைத்து, கட்டப் பணமில்லாமல் போனது. எனக்கு வருத்தம்தான். ஆனால் அதே மாதம் வேங்கிக்காலில் ஆறு பழைய கம்ப்யூட்டர்களுடன் என் பயிற்சி மையம் திறந்தது. ஒருவருக்குப் பற்று என்றால் இன்னொருவருக்கு வரவு. விதியை நான் எழுதவில்லை.

இந்த வருடம் தேவிப்ரியா என்னிடமே டேலி படிக்க வந்தாள். மூன்று மாதப் படிப்பு, செலவு கம்மி. அக்கா மகள் என்பதால் நாலாயிரம் கட்டணத்தை மூவாயிரமாக்கி, இரண்டு தவணையில் கட்டச் சொன்னேன்.

பாடநூலில் வரும் கற்பனைக் கம்பெனிகளில் மாணவர்கள் தூங்கிவிடுவார்கள். அதனால் பயிற்சிக்கு நிஜமான கணக்கைக் கொடுப்பேன். என்னிடம் பென் டிரைவில் இருந்த நிஜக் கணக்கு ஒன்றுதான். பெயர்களை மாற்றியிருக்கலாம். மாற்றினால் கணக்கின் அழகு போய்விடும் என்று தோன்றியது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கையைத் தூக்கினாள்.

"சார், இதுல எங்கம்மா பேரு கீது."

"ஆமாம்மா, பழைய கடை கணக்கு. நீ டோட்டல பாரு."

"டோட்டல் சரியா கீது சார். ஆகஸ்ட் ஒண்ணாந்தேதிதான் தப்பு. அன்னிக்கு எங்கம்மாவுக்கு ஆபரேஷன். ஜிஎச்ல மயக்கத்துல இருந்தாங்க, நான்தான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன். அன்னிக்கு ஏழாயிரத்தி ஐநூறு எப்படி சார் வாங்கினாங்க?"

பின் வரிசையில் ஒருவன், "ஆம்புலன்ஸ்ல வந்து வாங்கிட்டுப் போயிருப்பாங்க" என்றான். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பௌர்ணமிக்கு அக்கா கடைக்கே வரவில்லை. முன்பு ஒரு பௌர்ணமி நெரிசலில் அவர் தவறுதலாகக் கூடுதலாகக் கையெழுத்துப் போட்ட வெற்றுச் சீட்டு ஒன்று என்னிடம் மிச்சமிருந்தது. எழுதாமல் விட்டிருக்கலாம். பன்னிரண்டு வரியில் ஒன்று மட்டும் காலியாக இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்காது.

தேவிப்ரியா பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள். அங்கிருந்து இந்த ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். ஆம், பன்னிரண்டு சீட்டிலும் தொகையை எழுதியது நான். பணத்தை எடுத்ததும் நான். முதலாளி கண்ணில் இது படவில்லை. நான் கற்றுக்கொடுத்த பெண் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அவளுடைய இரண்டாம் தவணை ஆயிரத்து ஐந்நூறு இன்னும் வரவில்லை.