நின்றிருக்க வேண்டிய சக்கரம்

மீட்டர் அட்டையை ஆணியில் மாட்டும்போது எழுத்து வெளியே தெரியும்படி மாட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. சிலர் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார்கள். சிலர் அதன் முதுகில் பால்காரனுக்குக் கோடு போடுகிறார்கள். காளிராஜ் வீட்டில் மட்டும் அட்டை பிளாஸ்டிக் உறைக்குள், கண்ணுக்கு நேராகத் தொங்கும். அவர் மனைவி செல்லக்கனியம்மாள் செய்த ஏற்பாடு அது. நல்ல பழக்கம், குறை சொல்ல மாட்டேன்.

அந்த அம்மா போன சனிக்கிழமை கொல்லைப்புறத்துக் கொடிக்கம்பியில் கரண்டு அடித்து இறந்ததற்கு, வயரிங் போட்டவன் என்று ஒச்சப்பனைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் ஐயா. பத்து வருடம் வெயிலில் கிடந்தால் எந்த வயரும் உரியத்தான் செய்யும். நடந்ததை நான் சொல்கிறேன். என் பெயர் சீனிவாசகம். அந்தத் தெருவுக்கு மீட்டர் ரீடிங் எடுக்கிறவன்.

என் மனைவி சோலையம்மாள் காளிராஜின் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். 2004 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை ஷெட் வெடித்தது. நான்கு பேர் உட்காருவதற்கு லைசென்ஸ் உள்ள ஷெட். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்ததால் அன்று ஏழு பேர் இருந்தார்கள். வெடித்த அரை மணி நேரத்தில் காளிராஜ் வருகை நோட்டைச் சரிசெய்துவிட்டார். நான்கு பேர் வந்தவர்கள். மூன்று பேர் வராதவர்கள். சோலையம்மாள் வராதவர்களில் சேர்ந்தாள். செத்துக் கிடந்தவளை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, வீட்டில் அடுப்பு வெடித்தது என்று சொல்லிப் போயிருந்தார்கள். நான் வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். அடுப்பு அடுப்பாகத்தான் இருந்தது. காலையில் எனக்காக அவள் மூடி வைத்துவிட்டுப் போன சோறு அதன் மேலேயே இருந்தது.

காளிராஜிடம் போய்க் கேட்டேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நோட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“அன்னைக்கு உங்க வீட்டம்மா வேலைக்கே வரலையே அண்ணாச்சி. இங்கன பாருங்க.”

சோலையம்மாள் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தது. கை நடுங்காத எழுத்து. பிறகு ஒரு கவரை நீட்டினார், நான் வாங்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, வந்திருந்தாள் என்று எழுத வேண்டும். அதற்காகவே இழப்பீட்டு வழக்குப் போட்டேன். வக்கீல் சங்கையா சாட்சிப் பட்டியலில் செல்லக்கனியம்மாளின் பெயரையும் சேர்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனியில் சாமி கும்பிட்டு, வேலைக்கு வந்தவர்களுக்குத் திருநீறு கொடுப்பவர் அந்த அம்மாதான். அன்று யார் யார் நெற்றியில் பூசினார் என்று அவருக்குத் தெரியும். புருசனுக்கு எதிராக வந்து சொல்வார் என்ற நம்பிக்கை எங்களில் ஒருவருக்கும் இல்லை.

இந்த வருடம் ஏப்ரலில் ரீடிங் எடுக்கப் போனேன். பில் தாறுமாறாக ஏறுகிறது என்று செல்லக்கனியம்மாள் முறையிட்டார். எப்போதும் நானூறு யூனிட் ஓடும் வீடு, பிப்ரவரியில் ஐந்நூற்றைத் தாண்டியிருந்தது. பிரிட்ஜ் முதற்கொண்டு எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். அணைத்தார். மீட்டருக்குள் சக்கரம் நிற்கவில்லை. மெதுவாக, விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் போடாத வீட்டில் சக்கரம் சுற்றினால் கரண்டு எங்கோ மண்ணுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். எங்கே என்று தேடுவது என் வேலை இல்லை. ஆனாலும் தேடினேன். கொல்லைப்புறத்தில் மோட்டாருக்குப் போகும் வயர் ஓர் இரும்புக் கம்பத்தில் உரசி, தோல் உரிந்திருந்தது. அந்தக் கம்பத்திலிருந்துதான் துணி காயப்போடும் கொடிக்கம்பி கட்டியிருந்தது. அடியில் குளியலறைத் தண்ணீர் ஓடி மண் எப்போதும் ஈரம்.

மெயினை அணைத்துவிட்டு ஒச்சப்பனைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்து வேலை. நான் முன்பக்கம் வந்து, மீட்டர் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஐந்நூற்று எண்பது யூனிட் ஓடியிருந்தது. அட்டையில் நானூற்றுப் பத்துக்குத்தான் எழுதினேன். ஜூனிலும் அப்படியே, ஆகஸ்டிலும் அப்படியே. பில் பழையபடி இறங்கிவிட்டது. பில் இறங்கினால் எந்த வீட்டிலும் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்க மாட்டார்கள். இவ்வளவு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது அதுதான்.

காளிராஜுக்கு ஏக சந்தோஷம். நான் பயந்து இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். வழக்கு ஒரு பக்கம் கிடக்கட்டும், மனுசன் ஒரு பக்கம் என்று தோளில் தட்டினார். தீபாவளிக்கு ஒரு கிப்ட் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார். சோலையம்மாள் கடைசியாகச் சுற்றிய புஸ்வாண ரகமும் அதில் இருந்தது. அதை நான் இன்னும் பிரிக்கவில்லை.

ஆகஸ்டில் அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். ஈரத்துணியைப் போடும்போது கொடிக்கம்பி சுள்ளென்று இழுக்கிறதாம். “ஒண்ணுமில்லம்மா, வெயில் காலத்துல இரும்பு அப்பிடித்தான்” என்றேன். ரீடிங் எடுக்கிறவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும். நம்பினார்.

நீங்கள் இப்போது கேட்கப் போவது எனக்குத் தெரியும். காளிராஜுக்கு வைத்த குறி தப்பிப் போய் அந்த அம்மாவின் மேல் விழுந்ததா என்று கேட்பீர்கள். ஆமாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்து வந்தேன். காளிராஜும் தினம் காலையில் குளித்துவிட்டுத் துண்டை அந்தக் கம்பியில்தான் போடுவார். ஆனால் ரப்பர் செருப்பில்லாமல் அவர் கொல்லையில் கால் வைக்க மாட்டார். கம்பத்தை ஒட்டித் துளசிச்செடி இருப்பதால் அந்த அம்மா செருப்பு போட மாட்டார். இரண்டும் எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். காளிராஜ் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. செத்தவனுக்கு என்ன தெரியும்? காலையில் மூடி வைத்துவிட்டுப் போன சோற்றை மத்தியானம் திறந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். அது அவருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

போன வியாழக்கிழமை அக்டோபர் ரீடிங்குக்குப் போனேன். தீபாவளி முடிந்து நான்கு நாளாக மழை விடவில்லை. சக்கரத்தில் உள்ள சிவப்புக் கோடு கண்ணில் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடியது. காளிராஜ் வெளியே போயிருந்தார். செல்லக்கனியம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

“அண்ணாச்சி, திங்கக்கிழமை விசாரணைக்கு நான் வாரேன். அவுகளுக்குத் தெரியாது. சோலையம்மா அன்னைக்கு வந்திருந்தா, என் கையால திருநீறு வாங்கிட்டுத்தான் ஷெட்டுக்குப் போனான்னு சொல்லிடுறேன். ரெண்டு வருசமா எனக்குச் சோறு தொண்டையில இறங்கல.”

நான் எதற்காக இரண்டு வருடமும் இரண்டு மாதமும் அலைந்தேனோ, அது என் முன்னால் வந்து நின்றது. கொடிக்கம்பியைத் தொடாதீர்கள் என்று மட்டும் நான் சொன்னால் போதும். பேனா கையில் இருந்தது. மீட்டரில் 7790. உண்மையை எழுதினால் இது எப்படி ஒரேயடியாக ஏறியது என்று கேட்பார், ஒச்சப்பன் வருவான், வயரை மாற்றுவான். திங்கட்கிழமை நோட்டில் அந்தச் சொல் அழிந்துவிடும். காளிராஜ் கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்து, மனைவியோடு சண்டை போட்டுவிட்டு, அவர் போடும் சோற்றைச் சாப்பிடுவார். அதை நினைத்தபோது என் வயிறு எரிந்தது.

“இந்தத் தடவையும் கம்மிதானா அண்ணாச்சி?”

“கம்மிதாம்மா.”

6840 என்று எழுதி, அட்டையை உறைக்குள் வைத்து, எழுத்து வெளியே தெரியும்படி மாட்டினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. போய்ச் சொல்ல ஒரு முழு நாள் இருந்தது. சைக்கிளைக் கழுவி எண்ணெய் போட்டேன். சனிக்கிழமை காலையில் சேதி வந்தது. மாலையோடு போனேன். காளிராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனி இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கா அண்ணாச்சி என்று அழுதார். நான் ஆறுதல் சொன்னேன். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அட்டையையும் மீட்டரையும் ஒத்துப் பாருங்கள். தொள்ளாயிரத்து ஐம்பது யூனிட்டுக்கு மேல் வித்தியாசம் வரும். அத்தனையும் என் கையெழுத்து. இந்த வாக்குமூலத்தை நீங்களே காளிராஜுக்குப் படித்துக் காட்ட வேண்டும். நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். விபத்து என்று நினைத்து அவர் மனம் தேறிவிடக் கூடாது. நான் வந்ததே அதற்காகத்தான்.

இன்னொன்று ஐயா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று திங்கட்கிழமை விசாரணைக்குப் போயிருந்தேன். காளிராஜ் பக்கத்தார் எல்லோரும் துக்க வீட்டில் இருந்ததால், அந்த அம்மா இறந்த சேதி அங்கே யாருக்கும் எட்டவில்லை. செல்லக்கனி என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு குமாஸ்தா அவர் பெயருக்கு எதிரே ‘வரவில்லை’ என்று எழுதினார். எனக்குக் கோபம் வந்தது. வருகிறேன் என்று வாய்திறந்து சொன்ன மனுசி அவர். அப்படிப்பட்டவரை வரவில்லை என்று எழுத ஒருவனுக்கு எப்படி மனம் வருகிறது?