தூணில் ஒன்பது ஓட்டைகள்

— அந்தப் பட்டித் தகட்டைக் கொஞ்சம் கீழ வைங்க சித்தப்பா. ஒரே ஒரு கேள்வி.

— வெச்சா பட்டி காஞ்சு போயிடும். கேள்வி காயாது. நீ பாட்டுக்குக் கேளும்மா.

— நம்ம துறைமுகத்துல மட்டும் ஏன் தரை ஏறல?

— தரை எங்கயாவது ஏறுமா? விலைவாசி ஏறும். உன் சித்திக்குக் கோவம் ஏறும்.

— நெசமாத்தான். வடக்கே மூணு ஊரு, தெக்கே நாலு ஊரு. ஏழுலயும் கரை வருஷத்துக்கு எட்டு மில்லிமீட்டர் மேல வந்துட்டிருக்கு. நடுவுல நீங்க. உங்க பதிவேட்டுல இருபத்தேழு வருஷமா சராசரித் தண்ணி மட்டம் ஒரே கோட்டுல நிக்குது.

— தினம் ரெண்டு வேளை, மழையோ வெயிலோ, இந்தப் படியில நின்னு பலகையில தண்ணி எந்தக் கோட்டுல இருக்குன்னு பாத்து எழுதினவன் நான். நாளைக்கு ஓய்வு. மேலதிகாரியே வந்து பாராட்டுப் பத்திரம் குடுக்கறாரு, தெரியுமில்ல? அதான் தூணுக்கு மேக்கப் நடக்குது.

— தெரியும். உங்களை நம்பித்தான் இங்க தரை ஏறுதான்னு அளக்கற செயற்கைக்கோள் கருவியே வைக்கல. ‘அங்க பலகைக்காரர் இருக்காரு, போதும்’னு எங்க நில ஆய்வு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.

— சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

— நானும் நம்பி எழுதிட்டேன். அறிக்கை பையில இருக்கு. நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, இங்க கரையோரத்துல பள்ளிக்கூடம் கட்ட அனுமதி வந்துடும்.

— போடேன்! என் பொண்ணு அங்கதான் டீச்சரா போகப் போறா. வீட்டுல இருந்து நடந்தே போயிட்டு வரலாம்னு குதிச்சுட்டிருக்கா.

— அக்கா எனக்கும் போன் பண்ணினா. அதான் கை வரல.

— கோடு நேரா இருந்தா நல்லதுதானே?

— நல்லதுதான். ஆனா இவ்வளவு நேராவா? அந்தப் பதிவேட்டைக் கொஞ்சம் குடுங்க.

— பாத்தும்மா. ஏற்கெனவே அட்டை போயிடுச்சு.

— கிழிக்க மாட்டேன். இப்படிப் படியில வெச்சுக்கலாம். இது நம்ம நிலம்னு வைங்க. இந்தப் பக்கத்தை நான் பிடிச்சுக்கறேன். அந்த விளிம்புல உங்க கையை வெச்சு என் பக்கமா மெதுவா தள்ளுங்க.

— நடுவுல புடைக்குது.

— உங்க கைதான் கடலடித் தரை. அது நம்ம நிலத்துக்கு அடியில நுழைஞ்சுட்டே இருக்கு, நகம் வளர்ற வேகத்துல. வழுக்கிட்டுப் போனா வம்பு இல்ல. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டா, விளிம்பைச் சேத்து உள்ள இழுத்துட்டுப் போகும். விளிம்பு அமுங்கும், பின்னால கரை புடைக்கும். இப்ப கையை எடுங்க.

— அட! படக்குன்னு விரிஞ்சுடுச்சு.

— விளிம்பு எழும்பிச்சா?

— எழும்பிச்சு. புடைப்பு படுத்துடுச்சு.

— அதுதான் பெரிய பூகம்பம். விளிம்பு கடலுக்கு அடியில இருக்கு சித்தப்பா. எழும்பறப்போ மேல இருக்கற தண்ணி மொத்தத்தையும் தூக்கிடும். இருபது நிமிஷத்துல அது இங்க வரும். வர்றப்போ, புடைச்சிருந்த கரை இடுப்பளவு இறங்கி, வாயைத் திறந்துட்டு நிக்கும்.

— புடைக்கற ஊருக்குத்தானே அது? நாமதான் புடைக்கலையே.

— அதைத்தான் எழுதியிருக்கேன். இங்க மட்டும் மாட்டிக்கல, வழுக்குதுன்னு. ஆனா ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டது நடுவுல மட்டும் எப்படி வழுக்கும்? ஒரு வாரமா இதே நெனப்பு.

— உனக்கு வேற நெனப்பே வராதா? உங்கம்மா புலம்பறதுல தப்பே இல்ல.

— அந்த ஓட்டை எல்லாம் என்ன?

— எது?

— பலகைக்கு மேல, தூண்ல. பட்டி வெச்சு மூடப் போறீங்களே.

— ஆணி ஓட்டை. மூணு வருஷத்துக்கு ஒருக்கா பெயிண்ட் அடிக்கப் பலகையைக் கழட்டுவேன்ல.

— கழட்டினா திரும்ப அதே ஓட்டையில மாட்டலாமே?

— மாட்டலாம். ஆனா தூண் மரம் ஊறி உப்பிடுது. அதுல பலகை மேல போயிடுது. கடல் ஏறி இறங்கற நேரம் போட்ட தலைமை ஆபீஸ் அட்டவணையில, இந்த நேரத்துக்குத் தண்ணி அம்பது சென்டிமீட்டர்ல நிக்கணும்னு இருக்கும். பலகை நாப்பத்தேழரைன்னு காட்டும். ஒத்துப் போக வேணாமா? கட்டைவிரல் அகலம் கீழ இறக்கி அடிச்சுடுவேன். டாண்னு அம்பது காட்டும்.

— எத்தனை தடவை இறக்கினீங்க?

— பெயிண்ட் அடிச்ச அத்தனை தடவையும். ஒன்பது.

— முதல் ஓட்டையில இருந்து இப்ப இருக்கற ஆணி வரைக்கும் கையை வெச்சுப் பாருங்க.

— ஒரு சாண். சொல்லி வெச்ச மாதிரி ஒரு சாண்.

— நகருங்க, டேப் வெக்கறேன். இருபத்தொண்ணரை சென்டிமீட்டர். இருபத்தேழால வகுங்க.

— வகுக்க வந்திருந்தா நான் ஏன் தண்ணியப் பாத்துட்டு நிக்கறேன்?

— வருஷத்துக்கு எட்டு மில்லிமீட்டர்.

— அந்த ஏழு ஊரு மாதிரியா?

— தூண் உப்பல சித்தப்பா. ஊரே உப்பிட்டிருந்திருக்கு.

— அப்ப, நிலம் மேல வர வர, நான் பலகையை இறக்கி இறக்கி...

— தப்பா எடுத்துக்காதீங்க.

— இதுல சரியா எடுத்துக்க என்னம்மா இருக்கு? இருபத்தேழு வருஷம் ஒழுங்கா உக்காந்து பொய் எழுதியிருக்கேன்.

— புத்தகத்துலதான் பொய். தூண்ல உண்மை அப்படியே இருக்கு. ஒன்பது ஓட்டை, ஒவ்வொண்ணுக்கும் உங்களுக்கு வருஷம் தெரியும். இந்த மாதிரி ஒரு பதிவு எங்க ஆபீஸ்லயே கிடையாது.

— நீ ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா இங்கயும் கிடையாது.

— பட்டி காஞ்சுடுச்சு போல.

— காயட்டும் சனியன்.

— நாளைக்கு அந்தப் பத்திரம்?

— வேணாம்னுடறேன். அதை மாட்டவும் சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும். என் கையால இனி ஆணி வேணாம்மா. உன் அறிக்கை?

— கிழிக்கணும். பள்ளிக்கூடம் மேட்டுக்குப் போகணும். அக்கா என்னைத் திட்டித் தீத்துடுவா.

— நான் பேசிக்கறேன் அவகிட்ட. மேடு ஏறினா உடம்புக்கு நல்லதுன்னு ஆரம்பிக்கறேன். மாட்டிக்கிட்டது எப்ப விடும்?

— தேதி யாராலயும் சொல்ல முடியாது. எவ்வளவு சேந்திருக்குன்னு வேணா சொல்லலாம். உங்க காலத்துல ஒரு சாண். அதுக்கு முன்னாடி எவ்வளவுன்னு பாக்க, பழைய பலகைக்காரர் பதிவேடு வேணும்.

— அது ஆபீஸ் பீரோல இருக்கு. ஆனா உனக்கு உதவாது. நாப்பது வருஷம், என்னுதை விட நேரான கோடு. ‘அட்டவணையோட ஒத்துப் போகணும்டா’ன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான்.

— முதல் ஓட்டைக்கு மேல பெயிண்டைச் சுரண்டுங்க.

— மேலயா? நான் வேலைக்கு வந்தப்பவே அந்த இடம் வழவழன்னு இருந்துச்சு. அவரு என்னை மாதிரி சோம்பேறி இல்ல, எதையும் கையோட பூசி மூடிடுவாரு...

— சுரண்டுங்க சித்தப்பா.

— இரு, இரு. இங்க பட்டி பேந்து வருது. உள்ள ஓட்டை. சதுரமா இருக்கு, பழைய காலத்து ஆணி. இது என்னுது இல்ல.

— ஒண்ணுதானா?

— ரெண்டு. இங்க மூணு. நாலு... பதிமூணு. மூணு வருஷத்துக்கு ஒண்ணுன்னா, அவரோட நாப்பது வருஷம் இத்தோட சரி. ஆனா...

— ஆனா என்ன?

— இதுக்கு மேலயும் போகுதும்மா. எனக்குக் கை எட்டல. ஓடிப் போய் ஏணி எடுத்துட்டு வா.