கொழுந்துப் பாட்டுக்கு ஒரு இடம்

பதுளையில் பாட்டுப் போட்டிக்குப் பதியும் மேசையில் ஒரு கிளார்க் இருந்தார். அவர் முன்னால் மடுல்சீமையிலிருந்து வந்த ஒரு அக்கா. பக்கத்தில் அவளுடைய நாத்தனார். பின்னால் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கடைசியில், மகளின் பெயரைப் பதிய வந்த நான்.

“நாட்டார் பாட்டுன்னு போட்டாச்சு. உட்பிரிவு என்னா?” என்று கிளார்க் கேட்டார்.

“அப்படின்னா என்னாங்க சேர்?” என்றாள் அக்கா.

“நாட்டார் பாட்டுக்குள்ள இருக்கிற வகைங்க. தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு.”

“எங்க லயத்து வீட்டு வரிசைக்குள்ள அறை அறையா காம்பரா இருக்கே, அது மாதிரி.”

“ஆமா.”

“அப்ப கொழுந்து எடுக்கிறப்போ பாடுற பாட்டுக்கு எந்தக் காம்பரா?”

“அது இதுல இல்ல. தெம்மாங்குல போடுங்க.”

“போன வருஷம் அதுலதான் போட்டேன். இது தெம்மாங்கு இல்லன்னு பாதியிலயே எறக்கி விட்டாங்க. கொழுந்துப் பாட்டுன்னே எழுதுங்க சேர். எழுதுற வரைக்கும் நான் நிக்கிறேன்.”

நாத்தனார் சிரித்தாள். “எழுதிருங்க சேர். இல்லாட்டி இவ இங்கயே அடுப்பு மூட்டிருவா.”

கிளார்க் பேனாவால் ஒரு கோடு போட்டு, நான்காவதாக அதை எழுதினார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“எனக்கும் அதுலயே போடுங்க,” என்றாள் அடுத்தவள்.

என் முறை வந்தபோது கொழுந்துப் பாட்டின் கீழே இருந்த பெயர்கள் பதினொன்று.