தோட்டாக்களுக்கு ஒரு ஐஸ் பெட்டி

பித்தளைக்கு ஆற்றங்கரைக் காற்று ஆகாது, ஐயா. குருவிநத்தத்தில் வீடு கட்டியதுதான் நான் செய்த ஒரே தவறு.

நான் சேர்ப்பவை பிரெஞ்சுக்காரர் காலத்துத் துப்பாக்கித் தோட்டாக்கள். சுடுவதற்கு அல்ல, என்னிடம் துப்பாக்கியே கிடையாது. மழைக்காலம் வந்தால் அவற்றில் பச்சைக் களிம்பு பூக்கும், கழுத்தில் விரிசல் விடும், உள்ளிருக்கும் மருந்து புளித்த வாடை அடிக்கும். பார்த்தால் வயிறு எரியும். ஈரம் இழுக்கட்டும் என்று அரிசிப் பானையில் புதைத்தேன். ஒன்று உலைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து என் மனைவி மகாலட்சுமி என்னோடு பேசுவதில்லை.

அவள் அப்பா சிங்காரவேலு, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், எங்களோடுதான் இருந்தார். நல்ல மனிதர். “இன்னா மாப்ள, செத்துப்போன குண்டுக்கா வைத்தியம் பாக்கறீங்க?” என்று சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

பாகூரில் ஒரு சாவு வீட்டில் அந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தேன். கண்ணாடி மூடி, சீரான குளிர், புழுக்கமே இல்லை. பிணத்துக்கு வீணாகப் போகிறதே என்றிருந்தது. வாடகைக்கு விடும் பாக்யராஜிடம் கேட்டேன்.

“சும்மாலாம் பொட்டி தர மாட்டேன்பா. வூட்ல சாவு வுழுந்தா சொல்லு, ஒடனே அனுப்பறேன்.”

தொழில் என்றால் ஒரு முறை வேண்டும். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

மாமாவுக்கு இதய மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதை நிறுத்தினேன். மாத்திரை போட்ட திருப்தியாவது அவருக்கு இருக்கட்டும் என்று அதே நிறத்தில் சத்து மாத்திரை கொடுத்தேன்.

பாக்யராஜ் சொன்னபடி உடனே பெட்டி வந்தது. மாமாவுக்கு விரித்த துணிக்கு அடியில் தோட்டாக்களை அடுக்கினேன். பிரான்சிலிருந்து மச்சான் ராஜ்மோகன் வரும்வரை பிணத்தை எடுக்கக் கூடாது என்றேன். எங்கள் பக்கம் இது வழக்கம்தான், ஊர் ஒத்துக்கொண்டது. மச்சானிடம் மட்டும், அவசரமில்லை, லீவு கிடைத்ததும் வா என்று சொல்லியிருந்தேன்.

மாலை போட வந்தவர்கள் மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள். சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் மச்சான் வந்து அப்பாவைத் தூக்கியபோது தோட்டாக்கள் உருண்டன. எல்லோரும் அலறினார்கள், நானும்தான். அத்தனையும் சொட்டச் சொட்ட நனைந்து பச்சை பூத்திருந்தன.

பெட்டிக்குள் தண்ணீர் கோக்கும் என்று பாக்யராஜ் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஐயா. நீங்கள் விசாரிக்க வேண்டியது அவரைத்தான். சொல்லியிருந்தால் மாமா இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பார்.